நாலு பேர் ஊற்றிய தண்ணீர்

செடி வளர்க்கத் தெரியாதவர்களுக்காக நான் ஓர் ஆப் செய்தேன். என் வீட்டில் பிழைத்திருக்கும் ஒரே செடி பிளாஸ்டிக் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

நகரியில் விசைத்தறி வைத்திருந்த ஒருவர் திருப்பதியில் என் ஆபீஸுக்கு வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. பேசிக்கொண்டே அதைக் கிள்ளிக் கிள்ளி மேசையில் வைத்தார். கூடவே ஒரு தொட்டியையும் வைத்தார். உள்ளே அழுகிய மணி பிளான்ட்.

"கண்ணாலம் ஆயி போறப்போ என் பொண்ணு என்னை நம்பி வுட்டுட்டுப் போனது சார். ஊட்ல நாலு போனு, நாலுலயும் உங்க ஆப்பு. நாலும் 'தாகமா இருக்கு'ன்னுச்சி. நாலு பேரும் ஊத்திக்கினே இருந்தோம். இப்ப அவ என்கிட்ட பேசறதில்ல."

ஒருவர் ஊற்றியதை ஆப் மற்றவர் போனுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து அவர், மனைவி, மகன், மருமகள் என்று வரிசையாக போன். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "தண்ணி குட்சீங்களா சார்?"

ஆப்பைச் சரிசெய்துவிட்டு, போன் செய்வதை நிறுத்தச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன்.

"என் பொண்ணு பேசட்டும் சார், அப்புறம் பாக்கலாம்" என்றார் நிதானமாக.

போன வாரம் ஐந்தாவதாக ஒரு போன் வந்தது. புதிய பெண் குரல்.

"நைனா நம்பர் குடுத்தாரு. தண்ணி குட்சீங்களா சார்?"

எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. குடித்தேன் என்றேன்.