ஃபால்ஸ் தைக்காத புடவைகள்

என் மனைவி வீட்டை விட்டுப் போய் நாற்பது நாள் ஆகிறது. செய்தித்தாளைப் பிரிக்கிறேன், படிக்காமல் மடிக்கிறேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்த மூன்று அறைகளுக்குள் நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

அவள் போனதற்குக் காரணம் நான். முப்பத்தெட்டு வருடங்களாக அவளை அடித்து வந்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது; அந்தச் சாக்கும் இல்லை. மூக்குக்கண்ணாடியை இடம் மாற்றி வைத்தாள் என்று அடித்திருக்கிறேன். ஏன் வைத்தாய் என்று கேட்டதற்குப் பேசாமல் நின்றாள் என்று மறுபடியும். மறுநாள் தியாகராய நகருக்குப் போய் நல்ல புடவையாகப் பார்த்து வாங்கி வருவேன். அவள் அதைப் பீரோவில் வைப்பாள். அதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் மகள் தன் அம்மாவின் துணிமணிகளை எடுக்க வந்தாள். பீரோவின் கீழ்த்தட்டை மட்டும் தொடவில்லை.

"அது வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

"இத்தனை வருஷம் இருந்தவ, இப்ப ஏன் போனா?"

"முன்னாடியே ரெண்டு தடவை போனாங்களேப்பா. மாமாதானே ஆட்டோ வெச்சுக் கொண்டுவந்து விட்டாரு. வந்ததும் உங்களுக்குக் காபி போடச் சொன்னாரு. இப்ப டியூஷன் எடுக்கறாங்க, அசோக் நகர்ல சொந்தமா ஒரு ரூம் இருக்கு. யாரும் கொண்டுவந்து விட முடியாது."

மகள் போனபின் கீழ்த்தட்டைப் பார்த்தேன். எல்லாம் நான் வாங்கியவை. ஒன்றில்கூட ஃபால்ஸ் தைத்திருக்கவில்லை. ரவிக்கைத் துணி வெட்டாமல் புடவையோடு அப்படியே இருந்தது. ஒன்றைக்கூட என் மனைவி கட்டியதில்லை. நானும் ஒருநாளும் கவனித்ததில்லை.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. தைத்து அனுப்பினால் மனம் மாறி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் இரண்டு பைகளில் திணித்துக்கொண்டு, மயிலாப்பூரில் ஃபால்ஸ் தைக்கும் அம்மாளிடம் போனேன்.

அவர் பிரித்துப் பார்த்தார். "அல்லாமே புத்சா கீதே சார். வூட்ல கல்யாணமா?"

"இல்லை."

"ஜாக்கெட்டும் தெச்சுடவா? அளவு ஜாக்கெட் ஒண்ணு குடு."

அளவுக்கு ஒரு ரவிக்கைகூட வீட்டில் இல்லை. மகள் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தாள்.

"அப்ப அம்மாவ இட்டுனு வா சார், அளவு எடுத்துக்கறேன்."

"அவங்க வர மாட்டாங்க," என்றேன்.

அதுவரை அதை எனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"தெக்கவா, வாணாவா?"

வேண்டாம் என்றேன். அவரே மடித்துப் பைகளில் வைத்துக் கொடுத்தார்.

இரண்டு பைகளும் கூடத்தின் நடுவில் இருக்கின்றன. பீரோவில் திரும்ப வைக்க மனம் வரவில்லை. நடக்கும்போது அவற்றைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.