தகப்பனுக்குக் கொள்ளி வைத்த பாடகர்

நாங்கள் லண்டன் டூட்டிங்கில் இருந்தபோது வீட்டின் சின்ன அறையில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, என் மாமா, இருந்தார். அவருடைய அகதிக் கேஸ் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் நாலாவது வருடமாகக் கிடந்தது. எனக்குப் பத்து வயதானபோது யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பா இறந்துபோனார். மாமா ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவர். கேஸ் முடியமுதல் ஊருக்குப் போனால் லண்டனுக்குத் திரும்பி வர முடியாது. மகன் முறையான யாரோ ஒரு பெறாமகன் கொள்ளி வைத்ததை மாமா எங்கள் கணினியில் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. கல்லு மனுசன் என்று அப்பா சொன்னார், நானும் நம்பினேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை வீட்டில் பாட்டு, டிவி ஒன்றும் கூடாது. எனக்கோ வகுப்பில் ஒரு அமெரிக்க புளூஸ் பாடகரின் வாழ்க்கையைப் பேசி, அவர் பாட்டையும் போட்டுக்காட்ட வேண்டும். என் கஷ்டகாலம்! முன்னறையில் மெல்லப் போட்டேன். குசினியிலிருந்து அம்மா பாய்ந்து வந்தார்.

"துடக்கு வீட்டில என்னடி பாட்டு?"

"விடுங்கோ அக்கா," என்றார் மாமா. "உது பாட்டே? ஒப்பாரியெல்லோ."

பாட்டு முடிந்ததும் பாடியவரின் கதையைக் கேட்டார். புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். பருத்திக்காட்டில் கூலி வேலை. கிற்றாரோடு வீட்டைவிட்டு ரயிலேறியது. கறுப்பர் என்பதால், பாடிய ஹோட்டலிலேயே பின்கதவால் போகவேண்டி வந்தது. பிறகு வெள்ளைக்காரப் பெடியன்களே அவரைப் பார்த்துப் பாடப் பழகியது. மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தேப்பன் செத்தநேரம் ஊருக்குப் போனவரோ?"

அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்லதாக ஏதாவது சொல்லத் தோன்றியது.

"ஓம் மாமா, உடனே போனவர். அவர்தான் கொள்ளி வைச்சவர்," என்று அளந்துவிட்டேன்.

"குடுத்து வைச்ச மனுசன்," என்றவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். பாடகரை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். "அழாதேங்கோ, அவர் பிறகு நல்லா வந்தவர்," என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். ஐயோ, என்ன பிள்ளை நான்!

பிறகு மாமாவுக்கு விசா கிடைத்துவிட்டது. இப்போது ரெய்னர்ஸ் லேனில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறார். போன மாதம் அவருடைய அப்பாவின் திவசத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு தன் மகனிடம் அந்தப் பாடகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ்வளவு அவமானப்பட்டும் அந்த மனுசன் தேப்பனிட்டைப் போனவன். நான் போகேல்லை."

அது அன்றைக்கு நான் அளந்த கதை என்று சொல்ல வாய் திறந்தேன். மாமா என் பக்கம் திரும்பி, "உவள்தான் எனக்குச் சொன்னவள்," என்றார்.