நடவு முடித்துப் போனவள்

செய்தி வந்தபோது நான் கடையில் யாருடைய ஆதார் அட்டையையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் மாமாவின் பெயர் வந்தது. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் எனக்குப் போன் செய்கிற ஆள் இல்லை. அக்காதான் செய்வாள், அவளே பேசுவாள், அவளே வைத்துவிடுவாள். "உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார். காலையில் அங்கன்வாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாளாம். அவ்வளவுதானாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். உட்காரவே தெரியாதவள் இன்றைக்கு மட்டும் எதற்கு உட்கார்ந்தாள்? ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டேன். உள்ளே நின்ற ஆதார் அட்டைக்காரர் ஷட்டரைத் தட்டிய பிறகுதான் திரும்பி வந்து திறந்துவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்பா விட்டுப்போன நிலத்தை அவன்தான் பார்க்கிறான். விஷயத்தைச் சொன்னதும், "அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு அப்பா சாகும்போது சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன், உனக்குத் தெரியாதா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். கூடப் பிறந்தவன் கையால் அந்தப் புதுப்புடவை போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். கோடி வரவில்லை என்றால், இவளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஊர்கூடிச் சொன்ன மாதிரி. மயிலாடுதுறை கடைத்தெருவில் ஒரு புடவையை நானே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சீட் காலியாக இருந்தும் வேதாரண்யம் போகிற வழியில் பாதி தூரம் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கோடியக்கரை போகிற சாலையில், உப்பளத்தை ஒட்டிய அந்த ஊர்க்காரர்களான உங்கள் எல்லோருக்கும் அவள் செல்வி டீச்சர். உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியதையும், வராத பிள்ளையை வீடு தேடிப் போய் இடுப்பில் தூக்கிவந்ததையும் நீங்கள் அன்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள். "உக்காந்தா ஊர்ப் பேச்சுதான் காதுல விழும், நடந்துக்கிட்டே இரு" என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். அங்கே வருவதற்கு முன்னால் அவள் யார் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம். காலாண்டு விடுமுறை. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் கொட்டிவைத்துச் சாக்கு வருவதற்காகக் காத்துக் கிடந்தோம். ராத்திரிக் காவல் அப்பாவும் அண்ணனும், பகல் காவல் அக்காவும் நானும். ஒருநாள் மத்தியானம் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. தார்ப்பாய் பறக்காமல் இருக்க என்னைக் குவியலின் மேலே ஏற்றி உட்காரவைத்துவிட்டு அக்கா ஒரு முனையைப் பிடித்தாள். நிலையத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். கோடியக்கரைப் பக்கத்திலிருந்து சீசன் வேலைக்கு வந்தவர், மாமாதான். மழை விடும்வரை இருவரும் பிடியை விடவில்லை. நடுவில் பாரமாக உட்கார்ந்திருந்த எனக்கு ஏதோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. நெல் நனையவில்லை. அவர்கள் இருவரும் நனைந்திருந்தார்கள்.

அவர் வேறு சாதி. எங்கள் வீட்டார் வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்புகிற சாதி. அடுத்த வருஷம் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரத்தில் அவர்கள் பழகுகிற விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே, ரெண்டு பேரையும் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டு வந்தால் கதை முடிந்தது என்றார். அதே மூச்சில் ரசம் கேட்டார். அப்பா மறுத்துப் பேசவில்லை. அக்காதான் ரசம் ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அன்று கொல்லைப்புறம் திறந்துதான் கிடந்தது. போய்விடு என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன். அவள் அசையவில்லை. அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நாத்து பறிப்புக்கு வந்துருச்சுடி. இப்ப நான் போனா அப்பா வயல்ல கால வைக்க மாட்டாரு. அது முத்திப் போயிடும். கோவம் மனுஷங்க மேல. நாத்து என்னடி பாவம் பண்ணிச்சு?"

பைத்தியக்காரி. கொல்லத் துணிந்தவர்களுக்கு நடுவில், கொல்லப்படப் போகிறவள் நடவுக்கு ஆள் கூப்பிட்டாள். கட்டுக்கட்டாக நாற்று எடுத்துக் கொடுத்தாள். நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவேன், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க. கடைசி வயல் நட்டு முடிந்த சாயங்காலம், நட்ட பெண்கள் வாசலில் கூலிக்கு நின்று சலசலத்துக்கொண்டிருந்த இரைச்சலில் அவள் பின்பக்கமாகப் போய்விட்டாள். தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றி விளக்கு மாடத்தில் வைத்திருந்தாள். பிறந்த வீட்டுப் பொருள் ஒரு குன்றிமணிகூட அவளோடு போகவில்லை. அந்த வருஷம் எங்கள் சம்பா நன்றாக விளைந்தது. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டேதான் எல்லோரும் அவளைத் திட்டினார்கள்.

திருப்பூர்ப் பக்கம் கொஞ்ச காலம் மறைந்திருந்துவிட்டு, மகள் பிறந்த பிறகு அவர்கள் மாமாவின் ஊருக்குத் திரும்பினார்கள். எனக்குக் கல்யாணமாகி மயிலாடுதுறைக்கு வந்தபின் நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள ஆரம்பித்தோம். ஐப்பசியின் கடைசி நாளில், கடைமுழுக்கு அன்று காவிரிக் கரையில் அவ்வளவு கூட்டத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள்? நான் அவள் வீட்டுக்குப் போனதில்லை. "அண்ணன் வந்த பிறகு நீ வா. மொத காலு அவனோடதா இருக்கட்டும்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். முழுக்குப் போட்டதும் நேரே திருவிழாப் பாத்திரக் கடைக்குத்தான் போவாள். ஒரு குடமோ தவலையோ வாங்குவாள். நான் கூடப் போனால் கடலை வாங்கி வா, பூ வாங்கி வா என்று விரட்டுவாள். எவர்சில்வர் கடை வைக்கப் போகிறாயா என்று கிண்டல் செய்வேன். தை மாசத்துக்கு ஆகும் என்பாள். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலுக்குக் கீழே தெருவில் கிடத்தியிருந்தார்கள். அழுது முடித்து நிமிர்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் வரலயா? வருஷா வருஷம் பொங்கச் சீரு கொண்டாந்து ஸ்டாப்பிங்கோட குடுத்துட்டுத் திரும்பிடுவாராம்ல. வயல்ல வேலை, வேலைன்னு. இன்னைக்காவது வீடு வரைக்கும் வருவாருல்ல?" என்று கேட்டாள்.

அண்ணன் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. வாசற்படி ஏறாமல் கொல்லைப்பக்கமாகச் சுற்றி அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அங்கே பரண் முழுக்கக் குடமும் தவலையுமாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் வெட்டியிருந்தது. பழையவற்றில் அப்பாவின் பெயர். அப்பா போன பிறகு வாங்கியவற்றில் அண்ணனின் பெயர். தானே வாங்கி, எங்கள் வீட்டுப் பெயரை வெட்டி, பொங்கலுக்கு முதல் நாள் கரும்பும் மஞ்சள் கொத்தும் சேர்த்துச் சுமந்துவந்து, என் பிறந்த வீட்டுச் சீர் என்று இந்த ஊருக்குக் காட்டியிருக்கிறாள். அவளைக் கொள்ளிடத்தில் தள்ளப் பார்த்த வீட்டின் மானத்தை இங்கே கட்டிக் காத்திருக்கிறாள்.

வெளியே வந்தேன். பெரியவர் ஒருவர், கோடி எப்போது வரும், வெயில் இறங்குவதற்குள் எடுக்க வேண்டும் என்றார். என் பையில் புடவை இருந்தது. எடுத்திருந்தால் அவளுடைய அத்தனை வருஷப் பொய்யும் உடைந்திருக்கும். "அண்ணன் கொண்டாந்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்ப் போனை எடுத்தேன்.

"அண்ணே, நீ வருஷா வருஷம் பொங்கலுக்கு இங்க வந்து போறியாம்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. அக்கா சொல்லி வச்சிருக்கா. சீரு கொண்டாந்து ஸ்டாப்பிங்கோட குடுத்துட்டுப் போயிடுறியாம். வீட்டுல இருக்குற பாத்திரம் பூரா உம் பேரும் அப்பா பேரும் வெட்டியிருக்கு. இப்ப நீ வரலன்னா அவ செத்த அன்னைக்குப் பொய்க்காரியாப் போவா."

அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டாரை அணைக்கும் சத்தம் கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தேன். பிறகு மெதுவாகக் கேட்டான். "எந்த ஸ்டாப்பிங்குல எறங்கணும்?"

அவன் வந்து சேரும்வரை நான் அந்தத் தெருவில் நடந்துகொண்டே இருந்தேன். வந்தான். கும்பகோணத்தில் எடுத்த பட்டுப்புடவை. தெருவில் கிடத்தியிருந்ததால் வாசற்படி மிதிக்க வேண்டியிருக்கவில்லை. போர்த்தினான். அவள் முகத்தைப் பார்த்ததும் குழந்தை மாதிரி அழுதான். சுடுகாட்டிலிருந்து நேராகப் பஸ் ஏறிவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் மற்றவர்களோடு திரும்பி வந்தான். கால் கழுவி, உள்ளே போய் விளக்கைப் பார்க்க வேண்டும். வாசலில் குடத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதைச் சாய்க்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். கழுத்தில் அவன் பெயர். விரலால் தடவிப் பார்த்தான். பிறகு காலைக் கழுவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், படியேறி உள்ளே போனான்.

அக்காவின் மாமியாரிடம் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தேன். அந்தம்மா என்னை முடிக்கவிடவில்லை. "கரும்பு கட்டியிருக்குற கயித்தப் பாத்தாலே நம்மூரு கடைன்னு தெரியாதா எனக்கு? எல்லாருக்கும் தெரியும்மா. அவ பொறந்த வூட்ட வுட்டுக் குடுக்கல. நாங்க எதுக்கு அவள வுட்டுக் குடுக்கணும்?" என்றார். பந்தலில் என் கையைப் பிடித்துக் கேட்ட பெண்ணும் தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் காத்த ரகசியத்துக்கு எங்கள் வீடு நன்றி சொல்ல வேண்டும். வெட்கப்படவும் வேண்டும்.

போன ஐப்பசியில் அவள் வாங்கிய தவலை இன்னும் பிரிக்காத தாளோடு பரணில் இருந்தது. தாளைப் பிரித்துக் காட்டி அதை எனக்குக் கொடுத்தார்கள். அண்ணன் கேட்டான், என் பெயர்தானே போட்டிருக்கிறது என்றான். "பேருதான் உன்னுது" என்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டேன். துக்க வருஷம், இந்தத் தையில் அந்த வீட்டில் பொங்கல் கிடையாது. அதற்கடுத்த தையில் அக்கா மகளுக்கு மாமன் வீட்டுச் சீர் போக வேண்டும். அதுவரை தவலை என்னிடம் இருக்கும். பிறகு அண்ணன் கொண்டுபோவான். இறங்க வேண்டிய ஸ்டாப்பிங் இப்போது அவனுக்குத் தெரியும்.