மஞ்சள் தகட்டின் கீழ்

எங்கள் கடையில் நூலும் சட்டைத் தெறியும் சிப்பும் இலாஸ்ரிக்கும் விற்கிறோம். கடை என் அண்ணையுடையது. அவர் முன்மேசையில் இருந்து வருகிறவர்களோடு கதைப்பார். நான் உள்ளே நூல்கட்டைத் தட்டுகளுக்கு முன்னால் நிற்பேன். எனக்குக் கதைக்க வராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட பிறகு வேறு எங்கும் வேலை செய்ததில்லை. தலை நரைத்ததும் இந்தத் தட்டுகளுக்கு முன்னால்தான்.

நிறம் பார்த்துக் கொடுப்பது என்னுடைய வேலை. சண்டிலிப்பாய், அரியாலை என்று பல இடங்களிலிருந்து வீட்டில் தைக்கிற பெண்கள் வருவார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டார்கள். ஒரு காலைக் கடைப்படியில் ஊன்றிக்கொண்டு, பெருவிரல் அளவுத் துணித்துண்டு ஒன்றை நீட்டுவார்கள். நான் அதை வாங்கி மூன்று நான்கு கட்டைகளைத் தெரிந்தெடுத்துப் படிக்குக் கொண்டுவருவேன். ஒவ்வொன்றிலும் ஒரு முழம் நூலை இழுத்துத் துணியின் மேல் போட்டுப் பார்ப்பேன். எந்த நூல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் சரி. ரியூப்லைற் வெளிச்சத்தில் ஒருநாளும் பார்க்க மாட்டேன். அது பொய் சொல்லும். படியில் வைத்துப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பேன்.

கொரோனாவில் எங்கள் குறுக்குத்தெரு முழுவதும் பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகு நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு வந்து சனம் வரிசையில் நின்றது. அதுவும் முடிந்தபோது தெருவில் பாதிக் கடைகள் திறக்கவேயில்லை. சனம் பெரிய வீதியில் இருக்கும் குளிரூட்டிய கடைகளுக்குப் பழகிவிட்டது. எங்களிடம் தைக்கிற பெண்கள் மட்டும் வந்தார்கள். அவர்களும் நின்றுபோனால் கடை இல்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணை ஒருநாள் வாய்விட்டே சொன்னார்.

"தைப்பொங்கல் வரைக்கும் பாப்பம். சரிவராட்டில் கடையைப் பூட்டித் திறப்பைக் குடுத்திட்டு வீட்டை இருப்பம்."

வீட்டில் இருந்து நான் என்ன செய்வேன் என்று அவர் கேட்கவில்லை. 

பக்கத்துக் கடை நானா அலுமினியச் சட்டி பானை விற்கிறவர். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றியபோது எல்லாவற்றையும் விட்டுப் புத்தளத்துக்குப் போய், தலை நரைத்த பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் கடை போட்டவர். தெருவுக்குக் கூரை போடுகிற யோசனை அவருடையதுதான். கடைக்காரர் எல்லோரும் தேத்தண்ணிக்கடையில் கூடியபோது அவர் சொன்னார்.

"பெரிய கடைக்காரரிட்டை ஏசி இருக்கு. எங்களிட்டை வெயில் மட்டும்தான் இருக்கு. வெயிலை ஆர் காசு குடுத்து வாங்குவினம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு பங்கு போட்டு, தெருவின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை வெளிச்சம் விடுகிற பிளாஸ்ரிக் தகட்டால் கூரை போடுவது என்று முடிவானது. ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஒவ்வொரு நிறத் தகடு. அவரவருக்கு விருப்பமான நிறத்தை அவரவரே சொல்லவேண்டும்.

அண்ணை பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "நிறம் எண்டால் இவளைத்தான் கேக்கவேணும்."

இத்தனை ஆண்கள் என்னைத் திரும்பிப் பார்த்ததில் எனக்கு வியர்த்துவிட்டது. மஞ்சள் என்று சொன்னேன். வெயிலைப் போல இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை. நான் யோசித்திருக்கவேண்டும். அந்தக் கூட்டத்தில் யோசித்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

கூரை வந்த பிறகு தெரு மாறியது. நான் நம்பாத அளவுக்கு மாறியது. பின்னேரங்களில் இளசுகள் கூட்டமாக வந்தார்கள். பூட்டிக்கிடந்த ஒரு கடையில் ஐஸ்கிறீம் வந்தது. இன்னொன்றில் வளையல் வந்தது. நிலத்தில் விழுந்த நிறங்களின் மேல் சின்னப் பிள்ளைகள் பாய்ந்து விளையாடின. எங்கள் மஞ்சள்தான் தெருவிலேயே வடிவு என்று சொன்னார்கள். அண்ணை அதைத் தான் தெரிந்தெடுத்த நிறம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்களில் ஒருவரும் நூல் வாங்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. நூல் வாங்கி அவர்கள் என்ன செய்வது?

ஆவணியில் சண்டிலிப்பாய்ப் பிள்ளை வந்தாள். பிள்ளை என்கிறேன், அவளுக்கும் நாற்பது இருக்கும். எங்களிடம் மிகவும் கூடுதலாக நூல் எடுக்கிறவள் அவள்தான். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். அவளுடைய ஊரில் பெரியவளான ஒரு பெண்ணின் சாமத்தியவீட்டுக்கு, அந்தப் பெண்ணின் மாமிக்குத் தைக்கும் சட்டை. நான் வழமைபோல நான்கு கட்டைகளைப் படிக்குக் கொண்டுவந்து ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். நூல் துணிக்குள் அப்படியே மறைந்துபோனது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தாள். சைக்கிளை நிறுத்தி, இறங்கி உள்ளே வந்தாள். அவள் இறங்கி வந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மிச்சக் கட்டையையும் துணித்துண்டையும் மேசையில் வைத்தாள்.

"அக்கா, நீங்கள் தந்தது சாம்பல்."

"சாம்பலோ?"

"ஓம். கைவிளிம்பு, கழுத்து, எல்லா இடமும் சாம்பல் கோடு ஓடுது. வீடியோவிலையும் விழுந்திட்டுது. மாமி என்னைக் கூப்பிட்டு வைச்சு ஒவ்வொரு தையலாக் காட்டிறா."

அண்ணை கேட்டார், "தைக்கேக்கை நீ பாக்கேல்லையோ பிள்ளை?"

"பாத்தனான் அண்ணை. ஒரு மாதிரித்தான் தெரிஞ்சது. அக்கா தந்தால் பிழைக்காது எண்டு தைச்சிட்டன்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் காசைத் திருப்பிக் கேட்கவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

நான் அந்தக் கட்டையையும் துண்டையும் படியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே நிறம்தான். அவள் ஏன் பொய் சொல்லவேண்டும்? அவள் பொய் சொல்லாவிட்டால் என் கண்ணுக்கு என்ன நடந்தது?

எனக்குக் கொரோனா வந்தபோது இரண்டு மாதம் மணம் தெரியாமல் இருந்தது. கறிவேப்பிலையைக் கசக்கி மூக்கில் வைத்தாலும் ஒன்றும் இல்லை. இப்போது நிறமும் போகிறதோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு பார்த்தபோது எல்லாமே சந்தேகமாக இருந்தது. அரியாலையிலிருந்து வருகிற இரண்டு பெண்களையும் கொஞ்ச நாளாகக் காணவில்லை. அவர்களுக்கும் பிழையாகக் கொடுத்தேனோ தெரியாது. அண்ணையிடம் சொல்லப் பயந்தேன். நிறம் தெரியாத ஆளைக் கடையில் வைத்து அவர் என்ன செய்வார்?

கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண் பரிசோதிக்கிற இடத்துக்குப் போனேன். புள்ளி புள்ளியாக நிறம் போட்ட புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே மறைந்திருக்கும் இலக்கங்களைச் சொல்லவேண்டும். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"உங்கடை கண் என்ரை கண்ணிலும் பாக்க வடிவாத் தெரியுது அம்மா," என்றாள் பரிசோதித்த பிள்ளை. "கிட்டப் பார்வைக்கு மட்டும் கண்ணாடி போடுங்கோ."

சந்தோசம் வரவில்லை. குழப்பம்தான் கூடியது. கண் சரியென்றால் பிழை எங்கே?

பஸ்ஸில் இறங்கி எங்கள் தெருமுனைக்கு வந்தபோது, கூரை தொடங்குவதற்கு முன்னால் நின்று, பையிலிருந்து அந்தக் கட்டையையும் துண்டையும் எடுத்தேன். மூன்று நாளாக அவற்றைக் கொண்டு திரிந்தேன். வெயிலில் பிடித்தேன். ஒன்று கத்தரிப்பூ. மற்றது அடுப்புச் சாம்பல். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தெருவுக்குள் நடந்து எங்கள் கடைக்கு முன்னால் வந்து மஞ்சளின் கீழே பிடித்தேன். இரண்டும் ஒன்று. திரும்ப முனைக்குப் போனேன். வேறு. திரும்ப வந்தேன். ஒன்று. மூன்றாம் முறை போய் வந்தபோது நானா கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, டொக்டர் நடக்கச் சொன்னவரோ?"

நான் இரண்டையும் அவர் கையில் கொடுத்து முனையைக் காட்டினேன். அவரும் போய் வந்தார். பிறகு இன்னொரு முறை போய் வந்தார். கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் தெரிஞ்செடுத்த நிறமெல்லோ இது," என்றார்.

"ஓம் நானா."

"நான் கொண்டுவந்த கூரை."

"ஓம்."

"அப்ப ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருப்பம்," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்திவிட்டார்.

அண்ணையிடம் சொன்னேன். அவர் வாசலுக்கு வந்து தெருவில் நின்ற சனத்தைப் பார்த்தார். "சனம் வாறதே இந்தக் கூரைக்குத்தான். இப்ப போய் உதைக் கழட்டுங்கோ எண்டால், உனக்கு விசரோ எண்டு கேப்பினம்."

அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. தெரு பிழைத்தது கூரையால். எங்கள் கடை சாவதும் கூரையால். இரண்டையும் ஒன்றாக வைத்து எப்படி நினைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முனைவரை நடந்து நடந்து நிறம் பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் அதற்குத் தைக்கிற பெண்கள் திரும்பி வரவேண்டுமே.

கடைக்காரரின் ஐப்பசிக் கூட்டத்துக்கும் நான் போனேன். அண்ணை விசயத்தைச் சொல்லத் தொடங்கினார், பாதியில் சிக்கிக்கொண்டார். நான் எழும்பி, துண்டையும் கட்டையையும் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன். "மஞ்சளுக்குக் கீழையும் வெளியிலையும் பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் அவர் போனார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரு துண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு கூரைக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்ததைத் தெருவே பார்த்தது.

ஐஸ்கிறீம் கடைக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கடை மஞ்சளிலைதான் எங்கடை ஐஸ்கிறீம் படத்திலை வடிவா விழுது."

"சாம்பல் ஐஸ்கிறீம் வித்தால் உமக்கு விளங்கும்," என்றார் நானா.

கடைசியில் எங்கள் படிக்கு நேர் மேலே இருக்கும் ஒரு தகட்டை மட்டும் கழற்றிவிட்டு, நிறமில்லாத தகடு போட்டார்கள். கீழே நின்று பார்த்தால் பல் ஒன்று விழுந்த வாய்போல இருக்கிறது என்று நானா சொல்கிறார். படியில் ஒரு பாய் அளவுக்கு வெள்ளை வெளிச்சம் விழுந்தது. நான் கட்டையைப் பிடித்துப் பார்த்தேன். சாம்பல், சாம்பலாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் இளசுகள் அந்த வெளிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சுற்றிவர நிறமாக இருக்க, அங்கே நின்றால் முகம் மட்டும் பளிச்சென்று படத்தில் விழுகிறதாம். ஒருவர் போக ஒருவர் வந்து படியில் நின்றார்கள். அண்ணைக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

தகடு மாற்றியதைச் சண்டிலிப்பாய்ப் பிள்ளைக்கு அண்ணை தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. மார்கழி மழை விட்டிருந்த ஒருநாள் வந்தாள். சைக்கிளைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தாள். பச்சைத் துண்டு ஒன்றை நீட்டினாள். தளிர்ப் பச்சை, கொஞ்சம் மஞ்சள் கலந்தது. நான் நான்கு கட்டைகளோடு படிக்கு வந்தேன். வெளிச்சத்தில் மூன்று பெண்பிள்ளைகள் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் நின்றேன். சண்டிலிப்பாய்ப் பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் விலகுங்கோ பிள்ளையள்," என்றேன். கேட்கவில்லை. இன்னொரு முறை பலமாகச் சொன்னேன். "எனக்கு உந்த வெளிச்சம் வேணும்."

"சொறி அன்ரி," என்று விலகினார்கள். போகவில்லை. பக்கத்தில் நின்று நான் செய்வதைப் பார்த்தார்கள். நான் நூலை இழுத்துத் துணியின் மேல் போட்டேன். மூன்றாவது கட்டையில் நூல் மறைந்தது. அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கினாள். துண்டையும் வாங்கினாள். ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஒருக்கால் பாத்திட்டு வாறன் அக்கா," என்று தெருமுனைக்கு நடந்தாள். நீலத்தின் கீழும் சிவப்பின் கீழும் அவளுடைய முதுகு நிறம் மாறி மாறிப் போனது. கூரைக்கு வெளியே நின்று இரண்டையும் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் படியில் நின்றேன். அவ்வளவு நேரம் நான் ஒருவருக்காகவும் காத்து நின்றதில்லை.

திரும்பி வந்தாள். "சரி அக்கா. இதிலை ரெண்டு கட்டை தாங்கோ."

கொடுத்தேன். "பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற காலம் வருது, பிறகு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணை மேசையிலிருந்து கேட்டார். "சரியாமோ?"

"சரியாம்."

"பிறகென்ன," என்றார். தைப்பொங்கலைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இனி அவள் ஒவ்வொரு முறையும் முனைவரை நடந்துதான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். பார்க்கட்டும். நான் கட்டைகளைத் தட்டில் வைக்க உள்ளே திரும்பினேன். பின்னால் அந்த மூன்று பிள்ளைகளும் திரும்பவும் படியில் ஏறும் சத்தம் கேட்டது.