அமுதவள்ளி அறுத்த கைப்பிடி

மட்டாஞ்சேரிச் சாயாக்கடைகளில் இடியாப்பம் என்றால் அமுதவள்ளிதான். தென்காசியிலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக அச்சைத் திருகித் திருகியே தோள்பட்டை இறங்கியவள். அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டாள் எதிர்வீட்டு ரம்லத்.

ரம்லத் வாங்கிவந்தது மர ஸ்டாண்டில் நீளக் கைப்பிடி வைத்த அச்சு. பிடியின் ஒரு முனையில் கீல், அதன் பக்கத்திலேயே மாவுக் குழல். மறுமுனையைச் சும்மா அழுத்தினால் போதும், நூல் நூலாக இறங்கும். ஒல்லிக்குச்சி, பாட்டுக் கேட்டுக்கொண்டே முந்நூறு பிழிகிறாளாம்! அமுதவள்ளிக்கு வயிறு எரிந்தது. இவள் கொடுத்துவந்த மூன்று கடையில் இரண்டு அவளிடம் போயாயிற்று. மிச்சம் ரஃபி கடை ஒன்றுதான்.

விடுவாளா? அதே அச்சை இவளும் வாங்கினாள். வீட்டில் வைத்தால் கைப்பிடி சுவரில் இடித்தது. நேரே பட்டறைக்குப் போய்ப் பாதியாக அறுத்துக்கொண்டு வந்தாள். அச்சு அதேதானே, பிடி குட்டையானால் என்ன என்று நினைப்பு.

மறுநாள் காலை அழுத்தினாள், தொங்கினாள், நெஞ்சைக் கொடுத்து முட்டினாள். மாவு அசைவேனா என்றது. 'அந்த மகராசி மாவுல என்னமோ கலக்குறா' என்று கருவினாள்.

ரஃபி போனில் கூப்பிட்டார். "அக்கா, மணி ஏழாச்சு. முடியலேன்னா சொல்லுங்க, ரம்லத்துகிட்ட பறஞ்சுக்கறேன்."

"பத்தே நிமிஷம்!" என்று கத்தினாள். சத்தம் கேட்டு ரம்லத்தே வந்துவிட்டாள்.

"படச்சவனே! இதை ஏன் அக்கா அறுத்தீங்க? நீளத்துலதானே எல்லாம் இருக்கு. கதவைக் கீல் பக்கமாத் தள்ளிப் பாருங்க, அசையுமா?"

ரம்லத்தே துணிக்கொடிக்கு வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்துவந்து குட்டைப் பிடியில் செருகினாள். ஸ்டாண்டை வாசல் பக்கம் திருப்பினாள். குழாய் வெளியே சந்துக்கு நீண்டது. அமுதவள்ளி சந்தில் நின்று அழுத்தினாள். மாவு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ரஃபி கடை தப்பியது. ஆனால் நன்றி சொல்ல வாய் வரவேண்டுமே! இதையும் இவள்தானா சொல்லித் தரவேண்டும் என்று இன்னும் எரிந்தது.

ரம்லத் தன் வீட்டுக்குள் போனதும் அமுதவள்ளி குழாயைச் சாண் போட்டு அளந்தாள். எதிர்வீட்டுப் பிடியையும் எட்டிப் பார்த்துக் கண்ணாலேயே அளந்துகொண்டாள். தன்னுடையது இரண்டு சாண் கூடுதல்.

அதற்கப்புறம்தான் அவளுக்குச் சாயா தொண்டையில் இறங்கியது.