உம்மாவுக்கு வாப்பா சொல்லாதது

வாப்பா முப்பது வருசம் கற்பிட்டி–புத்தளம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். மாம்புரியில் எந்த ஒழுங்கை முனையில் யார் ஏறுவார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும். சிங்களமும் பஸ்ஸிலேயே பழகியதுதான். பென்ஷன் எடுத்த பிறகு ஒரு நாள் பிரஷர் குளிசைக்காக ஆசுபத்திரிக்குப் போயிருக்கிறார். ஆலங்குடாப் பெண் ஒருத்தி டாக்டர் சிங்களத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னாரு?" என்று இவரிடம் கேட்டாளாம். அதிலிருந்து கிளினிக் நாளென்றால் வாப்பா காலை பஸ்ஸிலேயே போய்விடுவார், சிங்களம் தெரியாதவர்களுக்காகக் கதைக்க.

டாக்டர் சொன்னதைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒரு தடவை சீனி வருத்தக்காரப் பெண்மணி ஒருவரின் காலை எடுக்க வேண்டியிருந்தது. மகன் வாப்பாவின் கையைப் பிடித்து, "மாமா, உம்மாட்ட சொல்லவேணாம்" என்று கெஞ்சினான்.

"அவங்கட கால், மகன். அவங்களுக்குத் தெரியத்தானே வேணும்."

அந்தப் பெண்மணியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, அவர் அழுது முடியும்வரை வாங்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்று வீட்டுக்கு வரப் பொழுதுபட்டுவிட்டது.

வீட்டில் அவர் வேறு ஆள். உம்மாவின் கைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, தோலுரித்தால் தடித்துவிடும். கலியாணம் முடித்த நாளிலிருந்து இறால் உரித்தது வாப்பாதான். உம்மாவின் முகம் சற்று வாடினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

போன வருசம் அவருக்கே வயிற்று வலி வந்தது. ஸ்கேன் எடுத்த பிறகு உம்மாவும் நானும் கூடப் போனோம். ஈரலில் புற்றுநோய், நன்றாகப் பரவிவிட்டது, ஒப்பரேஷன் செய்ய முடியாது என்று டாக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். சிலாபத்தில் சிங்களவர்களோடு வேலை செய்தவள் என்பதால் எனக்கு எல்லாம் விளங்கியது. உம்மாவுக்குச் சிங்களம் வராது.

"என்னவாம்?" என்றார் உம்மா.

"ஈரல்ல சின்ன வீக்கமாம். மருந்துக்கு வத்திடுமாம்" என்றார் வாப்பா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உம்மா அதை அப்படியே நம்பினார். கஞ்சி, சூப் என்று நேரத்துக்கு நேரம் கொண்டுவந்து வைப்பார். வாப்பா ஒரு வாயோடு கோப்பையை வைத்துவிட்டால் ஏசுவார்.

"சின்னப் புள்ள மாதிரி அடம்புடிக்காதீங்க. சாப்பிடாட்டி எப்படி வீக்கம் வத்தும்?"

வாப்பா சிரித்துக்கொண்டு இன்னொரு வாய் விழுங்குவார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுப்பார்.

உம்மா லுஹர் தொழுதுகொண்டிருந்த ஒரு பகலில் நான் கேட்டேன்: "வாப்பா, உம்மாட்ட சொல்லிடுங்களேன்."

"மூணு தரம் சொல்லப் போனேன், மகள். அவட முகத்தப் பார்த்தா ஏலாமப் போகுது. நீங்களும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. மூன்றாம் மாதம், ஒரு பின்னேரம் அஸர் நேரத்தில் வாப்பா மௌத்தானார். ஊரில் இத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்பது ஜனாஸா அடக்கத்தன்றுதான் எனக்கே தெரிந்தது.

விதவைகள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் உம்மா அறைக்குள் இருந்தபோது ஆறுதல் சொல்ல வந்த ஒரு பெண், "கேன்சர் வந்தா என்ன செய்ற, அல்லாஹ்ட நாட்டம்" என்றாள். அவள் போனதும் உம்மா என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"ஓம் உம்மா."

"ஊருக்கெல்லாம் உள்ளதச் சொன்ன மனுசன். தெரிஞ்சிருந்தா ஏசியிருப்பேனா? ஒவ்வொரு வாயும் அவருக்கு எப்படி இறங்கிச்சோ."

வாப்பா சொல்ல வேண்டாமென்றார் என்று சொன்னேன். உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இத்தா முடிந்துவிட்டது. உம்மா சமைக்கிறார், என்னோடு வழமைபோல் கதைக்கிறார். வாப்பாவைப் பற்றிய கதை வந்தால் மட்டும் எழும்பி அறைக்குள் போய்விடுகிறார்.