அஸ்வினியின் பாலைக் கொட்டியவர்கள்

சர்க்கரை, கொழுப்பு, முட்டிவலி என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பெருமையாகப் பேசுகிறீர்களே, உங்கள் மகளின் மலத்தில் ரத்தம் வந்தால் அதை யாரிடம் சொல்வீர்கள்?

ஜோதிலட்சுமி யாரிடமும் சொல்லவில்லை. இத்தனைக்கும் பட்டினப்பாக்கம் லூப் ரோட்டு மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்களில் அவள் குரல்தான் பெரிது. ஐஸில் கிடந்த சங்கராவைப் புது மீன் என்று எவனாவது விற்றால், அந்தக் குரல் சாந்தோம் வரை கேட்கும். ஆனால் பத்து வயது மகள் அஸ்வினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது அந்தக் குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"பீயில ரத்தம் போவுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றான் அவள் கணவன் டில்லிபாபு. கடலில் எந்த அலைக்கும் அசராத மனிதன், தெருப்பேச்சுக்குப் பயந்தான். கேட்டவர்களிடமெல்லாம் "வயித்துல பூச்சி" என்று சொல்லிச் சமாளித்தார்கள். பக்கத்து வீட்டில் குடியிருந்த அவன் அக்கா தேவானையிடமும் அதே பூச்சிக் கதையைத்தான் சொன்னார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் குடல்நோய் பார்க்கும் டாக்டர் அஃப்சருன்னிசா குழாய் விட்டுப் பார்த்து, திரையில் புண்களைக் காட்டினார். குரோன் நோய். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. அடுத்தவருக்குத் தொற்றாது.

"ஸ்டீராய்டும் இதை அடக்கும்மா. ஆனா ஏற்கெனவே வளராம நிக்கிற பொண்ணு, வளர்ச்சி இன்னும் தடைபடலாம். அதனால முதல்ல இந்தப் பவுடர்ப் பால். எல்லாச் சத்தும் இதுல இருக்கு. எட்டு வாரம் இதுவும் தண்ணியும்தான். இட்லி கூட வேண்டாம்."

அஸ்வினி குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். தாய் மீன் விற்கிறாள், வீட்டில் குழம்பு கொதிக்கிறது, பிள்ளை டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறது. தெரு சும்மா இருக்குமா? பெற்றவளே பட்டினி போடுகிறாள் என்று பேசியது. பஜ்ஜிக்கடைக்காரர் பாவம் பார்த்தார். பள்ளிக்கூடத்து ஆயா முட்டை கொடுத்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தப் பரிசோதனையில் அழற்சி இறங்கவே இல்லை. எடையும் ஏறவில்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்தார்.

"பால் இவளுக்குக் கேக்கல போலிருக்கு. ஸ்டீராய்டுதான் ஆரம்பிக்கணும். வெளியில எதுவும் சாப்பிடலையே?"

"இல்ல டாக்டர்," என்றாள் ஜோதி.

அஸ்வினி தரையைப் பார்த்தாள். "நான் சாப்ட்டேன்."

பஜ்ஜி, முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு அத்தையைப் பற்றிச் சொன்னாள். ஜோதி மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் தேவானை குழந்தையை, செய்வினையாக வயிற்றில் வைத்த மருந்தை எடுப்பதாகச் சொல்லும் ஆளிடம் கூட்டிப் போயிருக்கிறாள். அவன் தொப்புளில் குழல் வைத்து உறிஞ்சி, முடிச்சுருண்டை ஒன்றைத் துப்பிக் காட்டினான். யாரோ செய்வினை மருந்து வைத்துவிட்டார்கள், அந்தப் பாலில்தான் அது இறங்குகிறது என்றான். அன்றிலிருந்து அத்தை கிடைத்த பாலையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டுச் சோறும் கோழிச்சாறும் ஊட்டினாள்.

ஜோதி கை ஓங்கினாள். டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதீங்க. இவ சொன்னது நல்ல சேதி. இவ ஒழுங்கா குடிக்கவே இல்லையே, அப்புறம் பால் எப்படித் தோத்ததாகும்? மறுபடி முதல்லேருந்து தொடங்கலாம். இன்னொரு தடவை பார்ப்போம், அவ்வளவுதான். உங்க சொந்தக்காரங்களுக்கு நோய் என்னன்னு தெரியுமா?"

"பூச்சின்னுதான் சொல்லி வச்சிருக்கோம்," என்றாள் ஜோதி.

மதியத்துக்கு மேல் மட்டும் கடை போடும் தேவானை, மார்க்கெட்டில் ஜோதிக்கு அடுத்த பலகையில் வஞ்சரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஜோதி நேராகப் போய் நின்றாள்.

"என் புள்ள பாலை எதுக்கு அண்ணி சாக்கடைல ஊத்துன?"

"அதுல மருந்து கீதுடி. அந்தாளு முடியோட எடுத்தாரு. என் கண்ணால பாத்தேன்."

"அவன் வாயில அடக்கி வச்ச முடியப் பாத்த நீ. டாக்டரம்மா குடலுக்குள்ள பூந்து பாத்தாங்க. அங்க ஒரு மசுரும் இல்ல. புண்ணுதான் கீது."

தேவானையின் கத்தி நின்றது. "புண்ணா? பூச்சின்னுதானடி சொன்ன. எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

அந்தக் கேள்வி ஜோதியைச் சுட்டது. அவள் பலகை மேல் ஏறி நின்றாள். தொண்டை திறந்துகொண்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் பொண்ணுக்குக் குடல்ல புண்ணு. வெளிக்குப் போனா ரத்தம் போவுது. ஒட்டற நோயி இல்ல. எவளும் எதுவும் வைக்கல. எட்டு வாரத்துக்குப் பாலுதான் அவ சோறு. பாவம்னு எவனாச்சும் பஜ்ஜி குடுத்தீங்க, இந்தக் கத்தி மீனுக்கு மட்டும்தான்னு நெனச்சிக்காதீங்க."

மயிலாப்பூரிலிருந்து மீன் வாங்க வந்தவர் ஒருவர் முகம் சுளித்தார். "பொம்பளப் பிள்ளை விஷயத்தை ரோட்டுல பேசலாமா?"

"நீ மீனை வாங்கு சார்."

கூட்டம் சிரித்தது. இறால் விற்கும் ஜஹீதா சிரிக்கவில்லை. ஜோதி இறங்கியதும் மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"என் பையனுக்கும் ரத்தம் போய்க்கினு கீதுக்கா. மூலம்னு நாட்டு மருந்து குடுத்துக்கினு கீறேன். எந்த ஆஸ்பத்திரி?"

இப்போது அஸ்வினி மறுபடி பால் குடிக்கிறாள். டம்ளரோடு காவலுக்கு உட்கார்ந்திருப்பவள் தேவானை. தெருவில் பஜ்ஜியோடு எவனும் அந்த வாசலை எட்டிப் பார்ப்பதில்லை. நோய் ஆறுமா என்பதை இனி மருத்துவம் சொல்லட்டும். அதற்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்காமல் கெடுத்தது முடியைத் துப்பிய மோசடிக்காரன் மட்டுமா? கல்யாணச் சந்தையில் பெண்ணின் விலை குறைந்துவிடும் என்று அவள் குடலைக்கூட மூடி மறைக்கச் சொன்ன நம் எல்லோருடைய மானம்தான் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வாரக்கணக்கில் வயிற்றுவலியோ பேதியோ இருந்தால், எடை ஏறாமல் நின்றால், காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் கொண்டு போங்கள். மலத்தில் ரத்தத்தைப் பார்த்தால் இன்றே போங்கள். போய் வந்த பிறகு, மருத்துவர் சொன்னதைப் பக்கத்து வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள்.